பொறியும் நெறியும்: சீல் போயிற்றா, வழி அடைத்ததா?

மோட்டார்ப் பட்டறைகளில் அடிக்கடி நம் காதில் விழும் சொல் ஒன்று உண்டு: "சீல் போய்விட்டது." எந்த நோயாளி வந்தாலும் நாடியைத் தொடுமுன்பே "உடம்புச் சூடு" என்று சொல்லிவிடும் வைத்தியரைப் போல, எஞ்சினில் எந்த மூலையில் எண்ணெய் கசிந்தாலும் சீலின்மேல் பழியைப் போட்டுவிடுவது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. அதிலும் டீசல் காரின் சைலன்சரில் நீலப்புகை எழும்பி, டர்போவிலிருந்து வரும் ரப்பர்க் குழாயை அவிழ்த்தபோது விரலில் எண்ணெயும் ஒட்டிவிட்டால், வேறு விசாரணையே இல்லை. தீர்ப்பு அப்பொழுதே எழுதப்பட்டுவிடுகிறது. அந்தத் தீர்ப்பு எப்பொழுது சரி, எப்பொழுது பிழை என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

பங்குனியில் நம் சங்கத்து அன்பர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. டோம்பிவிலியில் குடியிருப்பவர், சொந்த டீசல் காரை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். நான்கு திங்களுக்குள் இரண்டு முறை டர்போவின் சீல் மாற்றியாயிற்றாம். இரண்டு முறையும் சில வாரங்களிலேயே புகை திரும்பிவிட்டதாம். இப்பொழுது பட்டறைக்காரர் டர்போ முழுவதையும் மாற்றவேண்டும் என்கிறாராம். "ஜூன் பிறந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டும். வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும். கடன் வாங்கிப் புது டர்போ போடுவதா, அல்லது வண்டியையே வந்த விலைக்கு விற்றுவிடுவதா?" என்று கேட்டிருந்தார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின் சிறிய டீசல் கார்கள் புதிதாக வருவது அருகிவிட்டது. ஆகவே நம் குடும்பங்களில் இன்று ஓடும் சிறு டீசல் வண்டிகள் பெரும்பாலும் வயதானவை. டர்போ நோவு காட்டும் பருவம் அவற்றுக்கு வந்துவிட்டது.

நான் பொறியியல் படித்தவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே டீசல் ஷெட் ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் குமாஸ்தாவாக இருப்பவன். ஆயினும் பேரிங்கானாலும் கேஸ்கெட்டானாலும் என் மேசையைக் கடந்தே எஞ்சினுக்குப் போகவேண்டும். பொருள் கேட்டு வரும் சீட்டில், பழையது ஏன் கெட்டது என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது என் அலுவலில் ஒரு பகுதி. அதை எழுதும் ஃபிட்டர்களிடம் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு அறிந்தவையே கீழே வருபவை.

டர்போ செய்யும் வேலை

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையில் இன்னும் வலு மீதம் இருக்கிறது. அதை வீணாக வானத்தில் விடாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றச் செய்து, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் புகட்டுவதே டர்போ. காற்று மிகுதியாகப் புகுந்தால் மிகுதியான எரிபொருளை எரிக்கலாம். சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினின் வலுவைத் தரும். ஆல்ஃபிரட் பூக்கி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

நம் நாட்டு இருப்புப்பாதையில் நெடுங்காலம் உழைத்த டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின்களை அறியாதவர் இல்லை. அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் அமைப்பில் 1962-இல் முதலில் வந்து, 1964 முதல் வாரணாசியிலேயே கட்டப்பட்டவை அவை. பதினாறு சிலிண்டரும் 2,600 குதிரைத்திறனும் கொண்ட அவ்வெஞ்சினுக்கும் டர்போவே மூச்சு. அங்கே ஆள்கள் சேர்ந்து தூக்கவேண்டிய அந்தப் பொறி, காரில் இரு கைகளுக்குள் அடங்கிவிடுகிறது. உருவம் சிறுத்ததால் வேகம் குறையவில்லை, பன்மடங்கு கூடிவிட்டது. கார் டர்போவின் தண்டு முழு வேகத்தில் நிமிடத்திற்கு 1,00,000 முதல் 2,00,000 சுற்று வரை சுழலும். நம் வீட்டு மின்விசிறி நிமிடத்திற்கு முந்நூறு, நானூறு சுற்றே சுற்றுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். போதாக்குறைக்கு, பாரம் இழுக்கும்போது தண்டின் ஒரு முனையில் 700 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட புகை, மறுமுனையில் வெளிக்காற்று, இரண்டிற்கும் இடையே சில அங்குலமே தூரம்.

இந்த வேகத்தையும் சூட்டையும் தாங்கித் தண்டைக் காப்பது எண்ணெய் ஒன்றே. எஞ்சினின் ஆயில் பம்ப் அழுத்தத்துடன் எண்ணெயை டர்போவின் நடுக்கூட்டிற்கு அனுப்புகிறது. தண்டு உலோகத்தின்மேல் உட்காராமல், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தே சுழல்கிறது. பேரிங்கிற்கும் தண்டிற்கும் இடையேயுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். வேலை முடிந்த எண்ணெய் அடிப்பக்கத்திலுள்ள அகலமான குழாய் வழியே எஞ்சினின் சம்பிற்கு இறங்கிவிடுகிறது. இறங்கும் வழியில் பம்ப் எதுவும் இல்லை. தன் எடையால் தானே இறங்கவேண்டும். பட்டறைகளில் இதனை 'ரிட்டர்ன் பைப்' என்பர். இக்குழாயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் விசாரணையின் முதற்சாட்சி இதுவே.

சீல் என்பது ரப்பர் அன்று

சீல் என்றவுடன் நம் மனக்கண்முன் வருவது ரப்பர் வளையம். டர்போவின் நடுக்கூட்டில் தண்டைச் சுற்றி இருப்பதோ மெல்லிய உலோக வளையம். எஞ்சினின் பிஸ்டனில் உள்ள ரிங்கின் தம்பி என்று சொல்லலாம். புகைச் சக்கரத்தின் பக்கம் ஒன்றும், காற்றுச் சக்கரத்தின் பக்கம் ஒன்றுமாகத் தண்டின் பள்ளத்தில் அமர்ந்திருக்கும். வளையம் வெளிப்புறமாக விரிந்து கூட்டின் சுவரைப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்க, தண்டு மட்டும் அதனுள்ளே சுழலும்.

இங்கேதான் பலரும் அறியாத செய்தி இருக்கிறது. அந்த வளையம் குப்பி மூடியைப் போல இறுக அடைப்பது அன்று. அதன் இரு முனைகளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. பள்ளத்திலும் சிறிது இடம் உண்டு. பின்னர் எண்ணெய் ஏன் வெளியேறுவதில்லை? மூன்று காவலர் சேர்ந்து தடுப்பதால்தான். முதற்காவல், வளையம். இரண்டாவது, சக்கரங்களின் பக்கத்திலுள்ள காற்றின் அழுத்தமும் புகையின் அழுத்தமும். நடுக்கூட்டைவிட அங்கே அழுத்தம் மிகுதியாதலின், அது எண்ணெயை உள்நோக்கித் தள்ளியே வைத்திருக்கிறது. மூன்றாவது, தேங்காமல் எண்ணெய் கீழே இறங்கிவிடும் ரிட்டர்ன் பைப்.

முதற்காவலன் நலமாயிருந்தும் மற்ற இருவரில் ஒருவர் தவறிவிட்டால் எண்ணெய் கசியும். அந்நிலையில் எத்தனை முறை சீல் மாற்றினாலும் பயன் இல்லை. பழைய வளையம் கசிந்த இடத்தில் புது வளையமும் கசியும். நோயையும், நோயின் காரணத்தையும், அது தணியும் வழியையும் ஆராய்ந்தபின்னரே மருத்துவம் செய்க என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் கூறியது மனித உடலுக்கு மட்டும் அன்று.

சீல் கெடாமலே எண்ணெய் கசியும் விதங்கள்

முதலாவது, ரிட்டர்ன் பைப்பில் அடைப்பு. பழைய எண்ணெய் கரியாகி உட்சுவரில் படிந்திருக்கலாம்; குழாய் நசுங்கியோ மடங்கியோ இருக்கலாம்; முன்பு வேலை செய்தவர் கேஸ்கெட்டில் தடவிய சிலிக்கோன் பசை உட்புறம் பிதுங்கி வழியை மறைத்திருக்கலாம்.

இரண்டாவது, எஞ்சினுக்குள் மூச்சுத் திணறல். பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழிறங்கும் புகை வெளியேறுவதற்கென்று பிரீதர் குழாய் ஒன்று இருக்கிறது. அது அடைபட்டாலும், ரிங்குகள் தேய்ந்து புகை அளவுக்குமேல் இறங்கினாலும், சம்பில் அழுத்தம் ஏறி, டர்போவிலிருந்து வரும் எண்ணெயை இறங்கவிடாமல் எதிர்த்து நிற்கும்.

மூன்றாவது, காற்று ஃபில்டரில் அடைப்பு. ஃபில்டர் தூசியால் மூடிப்போனால் காற்றுச் சக்கரம் காற்றுக்குப் பதில் வெற்றிடத்தை இழுக்கும். அந்த இழுப்பு நடுக்கூட்டிலுள்ள எண்ணெயை வளையத்தைத் தாண்டி உறிஞ்சிக்கொள்ளும். சில நூறு ரூபாய் ஃபில்டரை மாற்றாத குற்றத்திற்கு டர்போ தண்டனை பெறுவதும் உண்டு.

நான்காவது, எண்ணெயை அளவுக்குமேல் ஊற்றுதல். அளவுக் கம்பியில் மேற்கோட்டைத் தாண்டி எண்ணெய் நின்றால், ரிட்டர்ன் பைப் வந்து சேரும் வாய் மூழ்கிவிடக்கூடும்.

ஐந்தாவது, நெடுநேரம் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட்டிக்கொண்டிருத்தல். மெதுவான ஓட்டத்தில் சக்கரங்களின் பக்கம் அழுத்தம் மிகக் குறைவு. அப்பொழுது சிறிது எண்ணெய் கசிவது இயல்பு.

டோம்பிவிலி அன்பரின் வண்டியில் கண்டது

எங்கள் ஷெட்டில் டர்போப் பிரிவில் பல்லாண்டு உழைத்து ஓய்வுபெற்ற மராத்தியப் பெரியவர் ஒருவர் இருக்கிறார்; 'காகா' என்றே எல்லோரும் அழைப்போம். கடிதத்தின் செய்தியைக் கேட்டவுடன், "தொட்டி நிரம்பி வழிகிறதென்றால் தொட்டியின் சுவரையா இடித்துக் கட்டுவார்கள்? தண்ணீர் வெளியேறும் குழாயைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்பரின் அழைப்பை ஏற்று இருவரும் டோம்பிவிலி சென்றோம்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, காகா முதலில் காற்றுக் குழாயை அவிழ்த்தார். உள்ளே எண்ணெய் இருந்தது. ஆயினும், "மெல்லிய ஈரம் மட்டும் இருந்தால் அஞ்ச வேண்டாம், பிரீதரிலிருந்து வரும் எண்ணெய் ஆவி இந்த வழியாகத்தான் போகும். குளமாக நின்றால்தான் நோய்" என்று விளக்கினார். இங்கே குளமாகவே நின்றது. அடுத்து, காற்றுச் சக்கரத்தின் நுனியை இரு விரலால் பற்றிப் பக்கவாட்டில் அசைத்தார். மிகச் சிறிய அசைவு தெரிந்தது. எண்ணெய்ப் படலத்திற்கென்று விட்ட இடைவெளி அது, குற்றம் அன்று. பிறகு முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளிப் பார்த்தார். கைக்குத் தெரியும்படியான ஆட்டம் இல்லை. சக்கரத்தின் இதழ்கள் எங்கும் கூட்டின் சுவரில் உராய்ந்த தழும்பும் இல்லை. "பேரிங் நலம். இந்த டர்போ சாகவில்லை" என்றார்.

கடைசியாக ரிட்டர்ன் பைப்பைக் கழற்றினார். அதன் மேல்வாயில் சிவப்பு நிறப் பசை பிதுங்கிக் காய்ந்து, வழியில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. முதன்முறை சீல் மாற்றியபோது எவரோ கேஸ்கெட்டிற்குப் பதிலாகத் தடவிய பசை. இரண்டாம் முறை மாற்றியவர் அதன்மேலேயே இன்னும் தடவியிருக்கிறார். நோய்க்குக் கொடுத்த மருந்தே இரண்டாவது நோயாகிவிட்டது. முதல் நோயும் அங்கேயே இருந்தது: பிரீதர் குழாயின் வளைவில் பிசுக்கு உறைந்து கெட்டியாகியிருந்தது.

குழாய் இரண்டையும் சுத்தம் செய்து, முறையான உலோகக் கேஸ்கெட் போட்டு, இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெயை வடித்து, எண்ணெயும் ஃபில்டர்களும் மாற்றப்பட்டன. சைலன்சரில் பழைய எண்ணெய் எரிந்து தீரும்வரை சிறிது நேரம் புகை வந்தது, பிறகு நின்றது. இதழ் அச்சுக்குப் போகும் இந்நாள்வரை திரும்பவில்லை. டர்போவுக்கென்று கடன் வாங்க நினைத்த தொகையின் சிறு பகுதியே செலவாயிற்று. வண்டி ஓடுகிறது, அடுப்பும் எரிகிறது.

எப்பொழுது மாற்றியே ஆகவேண்டும்?

எல்லா வண்டியிலும் இப்படியே முடியும் என்று எண்ணிவிடலாகாது. தண்டு கைக்குத் தெரியுமாறு முன்னும் பின்னும் ஆடினாலும், இதழ்கள் சுவரில் உராய்ந்திருந்தாலும், ஓடும்போது டர்போவிலிருந்து ஊளையிடும் ஒலி கேட்டாலும், பேரிங் தேய்ந்துவிட்டது என்பதே பொருள். தண்டு தள்ளாடும்போது வளையமும் அது அமர்ந்த பள்ளமும் தேயும். அப்பொழுது சீல் போனது உண்மைதான். ஆனால் அதைக் கெடுத்தது பேரிங். பேரிங்கைக் கெடுத்தது பெரும்பாலும் அழுக்கேறிய எண்ணெய், எண்ணெய்ப் பற்றாக்குறை, அல்லது ஃபில்டரைத் தாண்டி வந்த தூசி. ஆகவே வளையத்தை மட்டும் தனியே மாற்றுவது வேலை ஆகாது.

முறையான வேலை இவ்வாறு நடக்கவேண்டும். பிரிப்பதற்குமுன், நடுக்கூடும் இருபுறக் கூடுகளும் சேரும் இடங்களில் கோடிட்டு அடையாளம் செய்துகொள்ளவேண்டும். தண்டு, காற்றுச் சக்கரம், அதன் நட்டு ஆகிய மூன்றும் முன்பு எந்நிலையில் இருந்தனவோ அந்நிலையிலேயே மீண்டும் சேருமாறு குறியிடவேண்டும். பல டர்போக்களில் அந்த நட்டு இடப்பக்கத் திருகுடையது; வழக்கம்போல் திருப்பினால் அவிழாது, இறுகும். தெரியாதவர் பலத்தைக் காட்டித் தண்டையே வளைத்துவிடுவர்.

பிரித்தபின் தண்டின் பள்ளத்தைப் பார்க்கவேண்டும். பள்ளமே படிப்படியாகத் தேய்ந்திருந்தால் புதிய வளையம் அதில் நில்லாது. தண்டும் புகைச் சக்கரமும் சேர்த்தே மாறவேண்டும். பள்ளம் நலமெனில், தண்டுப் பேரிங்குகள், முன்பின் தள்ளுதலைத் தாங்கும் திரஸ்ட் பேரிங், இரு பக்க வளையங்கள், கேஸ்கெட்டுகள் எல்லாம் ஒரே தொகுதியாக மாறவேண்டும். வளையத்தை விரலால் அளவுக்குமேல் விரித்தால் வளைந்துவிடும். தூசி படியாத இடத்தில், சுத்தமான எண்ணெய் தடவி, மெல்ல அழுத்தி இறக்கவேண்டும்.

இதன்பின் வரும் ஒரு வேலையைச் செய்யாத பட்டறைகள் உண்டு. அதுவே பேலன்சிங் எனப்படும் சமநிலை பார்த்தல். நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுச் சுழலும் தண்டில், ஒரு கிராமில் சிறு பின்னம் எடை ஒரு பக்கம் கூடினாலும் புதுப் பேரிங் விரைவில் அடிபட்டுவிடும். சமநிலை பார்க்கும் இயந்திரம் இல்லாத இடத்தில் தண்டையும் சக்கரத்தையும் பிரிப்பதே கூடாது. அப்படிப்பட்ட ஊரில், சமநிலை பார்த்து அடைத்து வரும் முழு நடுக்கூட்டை வாங்கிப் போடுவதே மேல். கடைகளில் இதனைக் 'கோர்' என்றும் 'கார்ட்ரிட்ஜ்' என்றும் சொல்வர். முழு டர்போவைவிடக் குறைந்த விலை. வெறும் சீல் தொகுதியைவிட நம்பிக்கை மிகுதி. குர்லா முதலிய இடங்களில் பழைய டர்போவே வாங்க நினைப்போர், தண்டை அசைத்துப் பார்த்து, இதழ்களை வெளிச்சத்தில் நோக்கியபின்னரே பணத்தை எடுக்கவேண்டும்.

டர்போவை ஆளும் ஆக்சுவேட்டரின் கம்பியையும், நிறுத்துத் திருகுகளையும் "இழுவை கூடட்டும்" என்று திருப்பவிடாதீர்கள். அவை அளந்து வைக்கப்பட்டவை.

பூட்டும்போது கவனிக்கவேண்டியவை

எண்ணெய் உள்ளே வரும் மெல்லிய குழாயைக் கழுவி, கரி அடைத்திருந்தால் புதிதாகவே மாற்றவேண்டும். எண்ணெய் வழிகளில் எங்கும் பசை தடவலாகாது. எண்ணெயும் ஆயில் ஃபில்டரும் புதிதாக இருக்கவேண்டும். இன்டர்கூலரும் காற்றுக் குழாய்களும் துடைக்கப்பட்டு, உள்ளே துணியோ திருகோ விழுந்து கிடக்கவில்லை என்பதைக் கண்ணால் காணவேண்டும். ஒரு சிறு வாஷர் போதும், சக்கரம் நொறுங்கிவிடும்.

குழாயைப் பூட்டுமுன் டர்போவின் எண்ணெய் வாயில் புதிய எண்ணெயைச் சிறிது ஊற்றித் தண்டைக் கையால் சுற்றவேண்டும். பிறகு, எரிபொருள் செல்லாதவாறு செய்து, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சில நொடிகள் சுழற்றி, எண்ணெய் டர்போவை எட்டச் செய்யவேண்டும். இதைச் செய்யாது நேரே ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதித்தால், காய்ந்த பேரிங் முதல் நிமிடத்திலேயே தேய்ந்துவிடும். ஓடத் தொடங்கியபின் சில நிமிடம் மெதுவாகவே ஓடவிட்டு, கசிவு உண்டா எனப் பார்க்கவேண்டும். சைலன்சரில் தங்கிய எண்ணெய் எரிந்து தீரும்வரை நீலப்புகை இருக்கும். அதைக் கண்டு பதற வேண்டா.

உயிருக்கு உரிய எச்சரிக்கை

செலவைக் குறைப்பதற்காகப் புகையைப் பாராமுகமாய் விட்டுவிடுவது அதனினும் பெரிய தவறு. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. எண்ணெயும் காற்றும் கிடைத்தால் அழுத்தத்தாலேயே எரிந்துவிடும். டர்போ வழியே எண்ணெய் பெருகிப் புகுந்தால், எஞ்சின் தன் எண்ணெயையே எரிபொருளாக உண்டு தானே வேகம் ஏறும். சாவியைத் திருப்பினாலும் நில்லாது. வெண்ணீலப் புகை மண்டி, ஓலமிட்டு, முடிவில் எஞ்சினே உடைந்துவிடும்.

கியர் மாற்றி ஓட்டும் வண்டியாயின், பிரேக்கை முழுவதும் மிதித்துக்கொண்டு, உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் திணறி நின்றுவிடும். அது இயலாவிட்டால், அல்லது கிளட்ச் இல்லாத வண்டியாயின், குழந்தைகளையும் பெரியோரையும் இறக்கி விலகிச் செல்வதே அறிவு. பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தலும், காற்றுக் குழாயைக் கையால் பொத்த முயல்தலும் வேண்டவே வேண்டா. வண்டி போனால் வாங்கலாம்.

பெட்ரோல் காரில் இந்த அபாயம் இவ்விதம் இல்லை. எனினும் இன்று சிறிய பெட்ரோல் கார்களிலும் டர்போ வந்துவிட்டதாலும், அவற்றின் புகை டீசலினும் சூடானதாதலாலும், எண்ணெய் பற்றிய கண்டிப்பு அவற்றுக்கும் உண்டு.

ஊருக்குப் போகுமுன்

வைகாசி விடுமுறை. நம் குடும்பங்கள் பல, புனே, சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர் வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தைக் காரிலேயே செய்யும் காலம். பாட்டிக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் புத்தகம், ஊருக்குப் பொருள் என்று வண்டி நிறையப் பாரம். கண்டாலாவிலும் கம்பட்கி காட்டிலும் ஏறும்போது டர்போ உச்ச வேகத்தில், உச்சச் சூட்டில் உழைக்கிறது. ஏறி முடித்தவுடன் தேநீர்க் கடையைக் கண்டு வண்டியை நிறுத்தி, அக்கணமே சாவியைத் திருப்பிவிடுவது பலருடைய வழக்கம். எஞ்சின் நின்றால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். புகைக் கூட்டின் சூடு நடுக்கூட்டில் ஏறி, அங்கே தங்கிய எண்ணெயைக் கரியாக்கிவிடும். அந்தக் கரிதான் நாளடைவில் பேரிங்கை அரிக்கிறது, வளையத்தைப் பிடிக்கிறது, குழாயை அடைக்கிறது. ஆகவே மலையேறியபின்னும் விரைந்து ஓடியபின்னும், நிறுத்துமுன் ஓரிரு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடனும் அரை நிமிடம் பொறுத்து, பின் மெல்லப் புறப்படுங்கள். குறித்த தர எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றுங்கள். புழுதி மிகுந்த சாலையில் ஓடினால் காற்று ஃபில்டரை முன்னதாகவே மாற்றுங்கள். இந்த நான்கு பழக்கத்திற்கும் ஆகும் செலவு, ஒரு டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பட்டறையில் கேட்கவேண்டிய கேள்விகள்

மொழி வேறான ஊரில் வாழும் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. "சீல் கயா" என்று மெக்கானிக் சொன்னால், மேலே எதுவும் கேட்கத் தெரியாமல் "அச்சா" என்று தலையசைத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அவர் ஏமாற்றுகிறார் என்பது இல்லை. கேட்பார் இல்லாத இடத்தில் எவருக்கும் ஆராயும் பொறுமை குறைந்துவிடும். ஆகவே பணம் கொடுப்பதற்குமுன் இந்த ஐந்தையும் அமைதியாகக் கேளுங்கள். வண்டி ஓட்டத் தெரியாத தாய்மார்களும் கேட்கலாம்.

ரிட்டர்ன் பைப்பைக் கழற்றிப் பார்த்தாயிற்றா? பிரீதர் அடைத்திருக்கிறதா? காற்று ஃபில்டர் எப்படி இருக்கிறது? தண்டில் முன்பின் ஆட்டம் எவ்வளவு, எனக்குக் காட்ட முடியுமா? பேரிங் மாற்றியபின் பேலன்சிங் செய்வது எங்கே?

ஐந்திற்கும் நேரான விடை வந்தால் அவரை நம்பி வண்டியை விடுங்கள். நல்ல கைவினைஞரைக் கண்டுவிட்டீர்கள். விடை வராமல் சினம் வந்தால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குச் செல்லுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் உங்கள் உரிமை. தேய்ந்த இரும்பு பொய் சொல்லாது. எது கெட்டது, எதனால் கெட்டது என்பதை அறிந்தவரிடம் காட்டினால் அதுவே சொல்லிவிடும்.